நரிபரி இலக்கணம்: கேமிங் லேப்டாப் குறித்து வாதவூர் வழி ஓர் ஆய்வு

மடிக்கணினியில் விளையாட்டு ஓடுமா ஓடாதா என்னும் வினா இருபத்தோராம் நூற்றாண்டில் பிறந்தது என்றே பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பிழை. இது பாண்டியர் காலத்துச் சிக்கல். மேலூர் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த ஒருவரால் அரசவை வரைக்கும் போனது. அதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவ முடியாவிட்டாலும் கட்டுரை வெளிவரும்.

மூலச் சான்று பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம், 59, 60ஆம் படலங்கள். குதிரை வாங்கி வரச் சொல்லி அரிமர்த்தன பாண்டியன் கருவூலப் பொன்னைக் கொடுக்கிறான். அமைச்சர் வாதவூரர் அதைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிடுகிறார். ஆவணி மூலத்தன்று இறைவனே வணிகனாக வந்து காட்டு நரிகளைப் பரிகளாக்கிக் கொடுத்துப் போகிறார். இரவானதும் அவை பழையபடி நரிகளாகி, லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடிவிடுகின்றன. அடியார்கள் இதில் அருளைக் கண்டார்கள். இவ்வாய்வாளர் காண்பது கொள்முதல் நடைமுறையை.

இன்றைய வாதவூரில் கருவூலம் என்பது அப்பாவின் சீட்டுப் பணம். பொறியியல் கல்லூரியில் சேர்ந்த மகன், “ப்ராஜெக்ட்டுக்கு வேணும்ப்பா, ஆட்டோகேட் ஓடணும்” என்று விண்ணப்பிக்கிறான்.

“படிக்கிறதுக்கு எதுக்குடா கீபோர்டுல கலர் கலரா லைட்டு?”

“கரண்ட் போனா எழுத்து தெரியணும்லப்பா.”

வாதவூரர் பரிக்கு வைத்த பொன்னைப் பக்திக்குத் திருப்பினார். இவன் படிப்புக்கு வைத்த பணத்தைப் பரிக்குத் திருப்புகிறான். திசைதான் வேறு, தணிக்கைக்காரர் எழுதும் குறிப்பு ஒன்றுதான்.

புராணத்தைச் சான்றாக ஏற்காதவர்களுக்கு அயல்நாட்டார் குறிப்புகளும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை கொண்டுவந்த வணிகர்கள், குதிரை வைத்தியர் மட்டும் இந்தப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். செத்தால்தானே அடுத்த விற்பனை! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: குதிரை ஒன்றுக்கு 220 தினார், வழியில் கடலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் பணம் கட்டவேண்டும். விற்பனைக்குப் பிந்தைய சேவை என்னும் துறை இங்கே எப்போது நலிந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இனி இலக்கணம். பழைய நாளில் குதிரையைச் சுழி பார்த்து வாங்கினார்கள். மதுரை டவுன்ஹால் ரோடு கடைகளில் இன்று அந்த இடத்தில் இருப்பது ஸ்டிக்கர். சுழிக்கும் ஸ்டிக்கருக்கும் உள்ள ஒற்றுமை, இரண்டும் ஓடுவதில்லை என்பது. 2020-இல் வந்த இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ என்னும் உள்ளமை கிராபிக்ஸை எடுத்துக்கொள்வோம். ரேம் இரட்டைத் தடத்தில் இருந்தால்தான் அது அந்தப் பெயரில் விளங்கும். ஒரே ஒரு ரேமைச் செருகி விற்ற கணினியில், ஸ்டிக்கர் ஐரிஸ் என்று மின்னிக்கொண்டிருக்க, உள்ளே விண்டோஸ் அதை வெறும் யூஎச்டி கிராபிக்ஸ் என்றே பதிந்துவைக்கும். இன்னொரு ரேமை வாங்கிப் போட்டால் ஐரிஸ் ஆகிவிடும். நரி பரியாவதற்கு ஆய்வகத்தில் மெய்ப்பிக்கக்கூடிய சான்று இது ஒன்றே.

“எட்டு ஜிபி கிராபிக்ஸ் இருக்குண்ணே” என்று கடைத் தம்பி திரையைக் காட்டுவதும் இவ்வகையே. 16 ஜிபி ரேமில் பாதியை, தேவைப்பட்டால் கிராபிக்ஸுக்குக் கடன் தரலாம் என்று விண்டோஸ் எழுதிவைத்த கணக்கு அது. தனி கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் வேறு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 என்றால் 6 ஜிபி, 4060 என்றால் 8.

பெயர் தெரிந்தால் போதுமென்று நினைப்பவர்கள் வாட்டைக் கேட்க மறந்தவர்கள். மடிக்கணினிக்கான 4060 சில்லுக்கு 35 வாட்டும் ஊட்டலாம், 115 வாட்டும் ஊட்டலாம்; பெயர் மாறாது. பட்டினி போட்ட 4060-ஐ வயிறாரத் தின்ற 4050 முந்திவிடுவது உண்டு. முன்பெல்லாம் குறைந்த வாட்டில் ஓடுபவற்றின் பெயருக்குப் பின்னால் ‘மேக்ஸ்-கியூ’ என்று ஒரு வால் இருக்கும். 2021-இல் 30 வரிசை வந்தபோது என்விடியா அந்த வாலைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டது. வாலைப் பார்த்து நரி என்று கண்டுகொண்ட காலம் அத்தோடு போயிற்று. 40 வரிசையின் உச்சாணியிலும் இதே கதைதான்: மடிக்கணினியின் 4090-க்குள் இருப்பது மேசைக் கணினியின் 4080-இல் உள்ள அதே வகைச் சில்லு. பில் போடுமுன் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று பார்த்துவிடுவது நலம். கடைக்காரர் முகம் சுளிப்பார். பாண்டியன் முன்னாலும் குதிரைகளை நடத்திக் காட்டித்தான் விற்றார்கள்.

பில் போட்டபின் பேச்சில்லை. புராணத்தில் இதற்குக் கயிறு மாறுதல் என்று பெயர். கயிறு கை மாறிவிட்டால் குதிரைக்கு நேர்வது எதற்கும் வணிகன் பொறுப்பல்ல. வாரண்டி அட்டையின் பின்பக்கப் பொடியெழுத்து இதன் உரைநடை வடிவம்.

இரவில் நரியாவது ஏன் என்பதற்கும் இப்போது விளக்கம் கிடைத்துவிட்டது. கேமிங் லேப்டாப்பின் முழு வேகத்துக்கு 180, 230 வாட் அடாப்டர் வேண்டும். பேட்டரியால் அவ்வளவு தர முடியாது. விமானத்தில் கொண்டுபோக வசதியாக இருக்கட்டுமென்று அதை 100 வாட்-ஹவருக்குள் வேறு அடக்கிவிடுகிறார்கள். மின்சாரம் போன நொடியில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாலொரண்ட் போன்ற எளிய விளையாட்டு மட்டும் ஓடும். அதற்கு இத்தனை செலவே தேவையில்லை, பழைய இன்டெல் எச்டி 4000 போதும்.

பையன் என்ன செய்கிறான்? அடாப்டரை வீட்டு இன்வெர்ட்டரில் செருகுகிறான். மின்விசிறிக்கும் டிவிக்கும் கணக்குப் போட்டு வாங்கிய இன்வெர்ட்டர் அது. சற்று நேரத்தில் பேட்டரி இறங்கி, அம்மாவின் சீரியல் பாதியில் நின்றுபோகிறது. லாயத்துப் பழைய குதிரைகளை நரிகள் கடித்தன என்ற வரிக்கு இதுவரை யாரும் சரியான உரை எழுதவில்லை.

உண்மை தெரிந்ததும் பாண்டியன் வாதவூரரை வைகைச் சுடுமணலில் நிறுத்தினான். ஆற்றில் வெள்ளம் பெருகி வந்து அவரைக் காப்பாற்றியது. பையன் தற்போது மொட்டை மாடியில் நிற்கிறான். 1959 முதல் வைகையில் அணை இருப்பதால், நீர்வளத் துறை மனம் வைத்தாலொழிய அந்த வழிக்கும் இடமில்லை.