பைத்தியம் தெளிந்தால் கல்யாணம்

பரணில் கிடந்த 2009ஆம் வருட லேப்டாப்பை நண்பர் கீழே இறக்கித் தூசி தட்டினார். பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியது என்பது மனைவியின் கட்சி. லினக்ஸ் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்பது இவர் கட்சி. அரை மணி நேரத்தில் திரை வந்தது, பாட்டு வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை.

லினக்ஸின் மையமான கர்னலின் பதிவுகளைப் புரட்டினால் சேதி தெளிவாகவே இருந்தது. ‘யூகோடு15’ என்ற ஃபர்ம்வேர் கோப்பைக் காணோம். இந்த இணைய முகவரியில் போய் இறக்கிக்கொள்ளவும். இன்டர்நெட் வராததற்கு மருந்து இன்டர்நெட்டில் இருக்கிறது. பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்.

டிரைவரை வண்டிக்காரர் என்று வைத்துக்கொண்டால், ஃபர்ம்வேர் என்பது மாட்டின் புத்தி. இந்த வகை கார்டுகளுக்குள் குட்டிப் பிராசஸர் ஒன்று உண்டு. கரண்ட் போனால் படித்ததெல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறை வண்டி பூட்டும்போதும் வண்டிக்காரர்தான் புத்தியை மாட்டுக்குள் ஊற்ற வேண்டும்.

அந்த வண்டிக்காரர் பிறந்த கதை சுவையானது. இந்தக் கார்டின் சில்லைச் செய்த பிராட்காம் கம்பெனி அந்தக் காலத்தில் தன் சில்லுகளின் விவரக்குறிப்பை லினக்ஸ்காரர்களுக்குக் கொடுக்கவில்லை. தன்னார்வலர்களில் ஒரு குழு கம்பெனி டிரைவரைப் பிரித்துப் பார்த்து, சில்லு நடந்துகொள்ளும் விதத்தை எழுதிவைத்தது. அந்த டிரைவரைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புது டிரைவர் எழுதியது. பந்திக்கே போகாமல், சாப்பிட்டவன் சொன்ன ருசியை வைத்துச் சாம்பார் வைத்த மாதிரி. 2006இல் 2.6.17 கர்னலில் அது சேர்ந்தது. 2008 ஜனவரியில் அதன் வாரிசாக ‘பி43’ வந்தது. ஃபர்ம்வேரை மட்டும் வினியோகிக்க உரிமை இல்லை. அதனால் கம்பெனியின் டிரைவர் கோப்பிலிருந்தே அதை வெட்டியெடுக்க ‘எஃப்டபிள்யூகட்டர்’ என்று ஒரு கத்தி செய்தார்கள். 2010இல் பிராட்காமே திறந்த மூல டிரைவர் ஒன்றை வெளியிட்டது, புதிய சில்லுகளுக்கு.

நண்பரின் கார்டு பழையது. எது என்று பார்க்க ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையைக் கொடுத்தார். அடையாள எண் 4315 என்றது. இங்கேதான் ஒரு கூத்து. எண் 4315 என்றால் சில்லின் பெயர் பிசிஎம்4312. எண் 4312 என்றால் பிசிஎம்4311. பன்னிரண்டாம் நம்பர் வீட்டு வாசலில் பதினொன்று என்று போர்டு மாட்டிய தெருவில் தபால்காரர் என்ன செய்வார்? இவர் ஒரு ராத்திரி முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மகள் வந்தாள். “நகருப்பா” என்றாள். போனை யூஎஸ்பி ஒயரில் சொருகி, டெதரிங்கைத் தட்டினாள். லேப்டாப்புக்கு இன்டர்நெட் வந்துவிட்டது, வீட்டிலுள்ள அதே வைஃபையிலிருந்து, போன் வழியாக. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான் என்று விளக்க அவர் வாயெடுப்பதற்குள் அவள் பல் தேய்க்கப் போய்விட்டாள். ஃபர்ம்வேரைத் தானே இறக்கி வெட்டிவைக்கும் பொதியை நிறுவினார். பிழைச் சேதி போயிற்று.

அப்போதும் வைஃபை இல்லை!

‘ஆர்எஃப்கில்’ கட்டளையைக் கேட்டார். மென்தடை இல்லை, வன்தடை உண்டு என்றது. மென்தடை என்றால் கட்டளையாலேயே நீக்கலாம். வன்தடைக்குக் கை வேண்டும். லேப்டாப்பின் முன் விளிம்பைத் தடவிப் பார்த்தார். அரிசியளவில் ஒரு ஸ்விட்ச், பரண் தூசி அப்பி, இடது பக்கம் தள்ளிக் கிடந்தது. தூசி தட்டும்போது இவர் துணியே தள்ளியிருக்கலாம். அந்த ஆராய்ச்சியில் அவர் இறங்கவில்லை.

நகத்தால் நெம்பினார். மாடிவீட்டு வைஃபை உட்பட ஒன்பது பெயர்கள் திரையில் வரிசைகட்டின.

இனி நகரக்கூடாதென்று, கைக்குக் கிடைத்த பேண்ட்எய்டை எடுத்து ஸ்விட்ச் மேல் ஒட்டினார். காபியோடு வந்த மனைவி அதைப் பார்த்தார்.

“அதுக்கும் அடிபட்டுடுச்சா?”