மாடி கட்டினால் ஓடும்!

கேள்வி: இன்டெல் 945 சிப் உள்ள பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, திரையில் வித்தை காட்டும் காம்பிஸ் மென்பொருளையும் ஓட்டுகிறேன். விண்டோக்கள் ஜெல்லிபோலக் குலுங்குகின்றன. பக்கத்தில் மானிட்டரை இணைத்தால் மட்டும் அந்த வித்தையெல்லாம் நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: அகலம்தான் வில்லன்! அந்தச் சிப்பில் காம்பிஸ் பயன்படுத்தும் முப்பரிமாணப் பகுதிக்கு உயரம், அகலம் இரண்டிலும் 2048 பிக்சல்தான் எல்லை. உங்கள் லேப்டாப் திரையின் 1280-உம் மானிட்டரின் 1280-உம் சேர்ந்தால் 2560, எல்லை தாண்டிவிடுகிறது. பக்கவாட்டில் இடமில்லாவிட்டால் என்ன, மாடி கட்டுங்கள்! டிஸ்ப்ளே செட்டிங்கில் மானிட்டரை லேப்டாப் திரைக்கு மேலே நகர்த்துங்கள். லேப்டாப்பின் 800-உம் மானிட்டரின் 1024-உம் சேர்ந்து உயரம் 1824. அகலம் அதே 1280. இரண்டும் எல்லைக்குள் அடக்கம். மேஜையில் மானிட்டர் பக்கத்திலேயே இருக்கட்டும். மவுஸை மட்டும் மேலே தள்ளிப் பழகுங்கள். பழைய சிப்பைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் அளவு தெரிந்து வேலை வாங்கினால் இன்னும் நன்றாகவே உழைக்கும்.