திரை சொல்லும், விரல் அறியும்

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1978 அம்பாசடரை யூடியூப் பார்த்தே ரிப்பேர் செய்யப் பழகிவிடலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: பாதி தூரம் போகலாம். உங்கள் காரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் வம்சம். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதுவே இதயம். அதனால் இங்கிலாந்துக்காரர் தன் எம்ஜிஏவைப் பிரித்துக் காட்டும் வீடியோ, உங்கள் அம்பாசடருக்கும் பாடம்தான். எதை முதலில் கழற்றுவது, எந்த வாஷர் எங்கே என்பதையெல்லாம் அதில் அழகாகக் கற்கலாம்.

ஆனால் வீடியோவில் எந்த போல்ட்டும் அடம்பிடிப்பதில்லை! உங்கள் வண்டியில் இத்தனை வருடத் துரு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் திருகினால் கழலுமா, முறியுமா என்பது மணிக்கட்டுக்கு மட்டுமே தெரியும். டேப்பெட் இடைவெளி சுமார் 0.015 அங்குலம் என்று திரை சொல்லிவிடும். அதை அளக்கும் ஃபீலர் கேஜை உருவும்போது விரலில் தட்டுப்பட வேண்டிய அந்த மெல்லிய பிடிப்பை எந்தத் திரையும் தராது. அதற்கு ஒரு பழைய மெக்கானிக் பக்கத்தில் நின்று, "இதோ, இப்படி" என்று உங்கள் கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அதை அறிந்த மெக்கானிக்குகளின் கைகளுக்கும் வயதாகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருவரைத் தேடிப் போங்கள். ஒன்று மட்டும்: வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.