நமத்த வெடியும் பாரன் தீவும்

கேள்வி: கோடை விடுமுறைக்கு எரிமலைத் தீவு பார்க்கவேண்டும் என்கிறாள் மகள். நம் நாட்டில் உண்டா?
– ஒரு வாசகர், எம். புதுப்பட்டி

பதில்: உண்டு, அந்தமானில். பாரன் தீவு என்று பெயர். போர்ட் பிளேயரிலிருந்து கடலில் சுமார் 140 கிலோமீட்டர். 150 வருடத்துக்கு மேல் நமத்த வெடி மாதிரிக் கிடந்துவிட்டு, 1991-இல் சீறியது. நமத்த வெடியைக் குனிந்து பார்க்கக்கூடாதென்று பட்டாசு செய்யும் உங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்கிறது: கரையிறங்க விடுவதில்லை, கப்பலிலிருந்து பார்ப்பதோடு சரி. மனிதர் யாரும் அங்கே இல்லை. எப்போதோ யாரோ விட்டுப்போன ஆடுகள் மட்டும் உண்டு (அவற்றுக்கு வருடம் பூராவும் தீபாவளி). மே பாதிக்குமேல் கடல் கொந்தளிக்கும், ஏப்ரலிலேயே கிளம்புங்கள். ‘கந்தக வாடைக்கு இவ்வளவு செலவா?’ என்று வீட்டில் கேட்டால், என் பெயரைச் சொல்லாதீர்கள்.