நடுமேசைப் பூ

நியூ ஜெர்சி

அன்புள்ள அத்தைக்கு,

ரிசப்ஷன் மேசைக்கு நடுவே வைக்கும் பூவுக்காக இந்த ஊரில் மாதக்கணக்கில் யோசிக்கிறார்களே, தலையில் வைக்காத பூவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் வரிசையில் நின்று, மேடையேறி, மொய்க்கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, பந்தியை முடித்தால் ஒரு மணி நேரத்தில் செருப்பைத் தேடப் போய்விடலாம். இலைக்கு எதிரே பூச்சாடி வைத்தாலும் சாம்பார் வாளிக்காரர் முதல் சுற்றிலேயே சாய்த்துவிடுவார். இங்கேயோ பெயர் எழுதிய அட்டை எந்த நாற்காலியைக் காட்டுகிறதோ அதில் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்தாக வேண்டும். ஐந்தடி அகல வட்ட மேசை, எட்டுப் பேர், அதில் பாதிப் பேர் முன்பின் அறியாதவர்கள். ஆகவே அந்தப் பூ ஒன்பதாவது விருந்தாளி என்பது என் கட்சி. மற்ற எட்டுப் பேரின் பேச்சைக் கெடுக்காமல் இருப்பதுதான் அதன் முதல் கடமை. அழகு அதற்குப் பிறகு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேசையின் உயரம் 30 அங்குலம். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 45 முதல் 50 அங்குலத்தில் இருக்கும். மேசைக்கு மேலே ஒன்றேகால் அடியிலிருந்து ஒன்றேமுக்கால் அடி வரை முகங்களுக்குச் சொந்தமான இடம். அதனால்தான் விவரம் தெரிந்த பூக்கடைக்காரர்கள், பூ ஓரடிக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் ஒல்லியான தண்டில் இரண்டடிக்கு மேலே ஏறிவிட வேண்டும் என்கிறார்கள். நடுவாந்தரமாக ஹைட்ரேஞ்சியாவை அடைத்து வைத்தால், எதிரே இருப்பவர் மாப்பிள்ளையின் பெரியப்பாவா, முதலாளியா என்பது கேக் வெட்டும்வரை தெரியாது. வாசனையும் பேச்சைக் கெடுக்கும். சிலவகை லில்லி கோழிக்கறியின் மணத்தோடு மல்லுக்கு நிற்கும். அதன் மகரந்தம் பட்டுப்புடவையில் பட்டால் கறை லேசில் போகாது.

உயரமான கூரையுள்ள மண்டபத்தில் குட்டைப் பூ எடுபடாது, போட்டோவில் விழாது என்பார்கள். உண்மைதான். ஆனால் போட்டோக்காரர் நின்றுகொண்டு பார்க்கிறார், விருந்தாளி உட்கார்ந்து பார்க்கிறார். சாப்பாட்டுக்கு அழைத்தது விருந்தாளியை. உயரம் வேண்டுமானால் வாசலிலும் மேடையோரத்திலும் வைக்கட்டும், யார் தடுத்தார்கள்? குட்டையாக வைத்தால் கஞ்சத்தனம் என்று சொல்வார்களே என்பது அடுத்த கவலை, நமக்கு நன்றாகப் பழகிய கவலை. பூவின் விலையை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, பருவமும் தீர்மானிக்கிறது. பியோனி இங்கே மே, ஜூனில் பூக்கும். டிசம்பரில் கேட்டால் நியூசிலாந்து, சிலி போன்ற தெற்கு நாடுகளிலிருந்து விமானமேறி வர வேண்டும். ரோஜாவில் பெரும்பகுதி கொலம்பியா, ஈக்வடார் மலைகளிலிருந்து மயாமி விமான நிலையம் வழியாக வருவது. நெடுந்தூரப் பயணம் தாங்கவும் பல நாள் வாடாமல் நிற்கவும் வளர்த்தெடுத்த வகைகள் என்பதால் பலவற்றில் வாசனையே கிடையாது. மோந்து பார்க்காமல் நீங்கள் முழம் பூ வாங்கியதுண்டா? இன்னொன்று, பெரிய அலங்காரங்களைத் தாங்கிப் பிடிக்கும் பச்சை நுரைக்கட்டி. 1954-இல் அமெரிக்காவில் வந்த இந்தச் சரக்கு ஒருவகைப் பிளாஸ்டிக், மக்காது. இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் காட்சிகளில் அதைத் தடை செய்துவிட்டது. தாழ்ந்த கிண்ணத்துக்கு அது தேவையே இல்லை. கோழிக்கூட்டுக் கம்பிவலைத் துண்டும் தண்ணீரும் போதும்.

தம்பியின் ரிசப்ஷனுக்கும் ஓட்டலில் வட்ட மேசை என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்கரேஷன்காரர் மாதிரி காட்டும்போது நின்றபடி தலையாட்டிவிடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மாமாவை உட்காரவைத்துப் பாருங்கள். மாமாவின் முகம் முழுதாகத் தெரிந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். மாமா முகம் தெரியாமல் இருப்பதே மேல் என்று உங்களுக்குத் தோன்றினால், ஹைட்ரேஞ்சியா ஊட்டியிலேயே கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் மருமகன்