முத்தல் சுரைக்காய்

என் ஆச்சி காலத்தில் எங்கள் கிறிஸ்தவச் சேகரத்துப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். கைப்பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும்; விற்ற காசு ஊழியத்துக்கு. அந்த ஒரு பிடியால் வீட்டில் சோறு குறைந்தால், அது ஆச்சியின் தட்டில்தான் குறையும். யார் வீட்டு அரிசி எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது; எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடும்.

இப்படிப் பிடியரிசி சேர்த்த திருநெல்வேலிக்காரர்கள்தான் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஆள், நம் காசு. வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்பது ஏற்பாடு. தொடங்கியவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. பிறகு அவரே தெலுங்குச் சீமையில் தோர்ணக்கல்லுக்கு மிஷனெரியாகப் போனார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இதையெல்லாம் நாங்கள் மறக்கவில்லை. பெண் பார்க்கப் போகும்போது மறக்காமல் சொல்கிறோம்: "நாங்க அஞ்சாந் தலைமுறைக் கிறிஸ்தவங்க. எஸ்.பி.ஜி. குடும்பம்." எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்ற இரு ஆங்கில மிஷன்களின் வழிவந்த எங்கள் சபைகள் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்குள் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கல்யாணப் பேச்சுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. அடுத்த கேள்வி சாதி. விசுவாசம் எங்களுக்குப் பூர்வீகப் பட்டா நிலம்: பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கிறது, உழத்தான் ஆளில்லை.

கோயிலில் பாய் போய் நாற்காலி வந்தது, மின்விசிறி வந்தது. விசிறியின் ஓர் இறக்கையில் தாத்தா பெயர், அடுத்ததில் 'நினைவாக', மூன்றாவதில் பேரன் பெயரும் படிப்பும், சிவப்புப் பெயிண்டில். ஓடும்போது படிக்க முடியாது என்பது கொடுத்தவர்களின் தீராத மனக்குறை. பாவ அறிக்கை நேரத்தில் கரண்ட் போனால், சபையார் வாய் அறிக்கையிட, கண் அண்ணாந்து எழுத்துக் கூட்டும்.

அறுப்பின் பண்டிகை ஏலம்தான் உச்சம். ஆச்சி காலத்தில் தோட்டத்து முதல் காயைப் பீடத்தண்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். வாசலில் சில அணாவுக்கு விற்பார்கள். இன்று மைக் இருக்கிறது. திருமண்டலத் தேர்தல் வருகிற வருஷமானால் எலுமிச்சம்பழம்கூட ஆயிரத்தைத் தாண்டும். காணிக்கை வாழைத்தாரை இரு அணியார் மாறி மாறிக் கேட்கும்போது, கேட்பவர் பார்வை தாரில் இருக்காது. எதிரணியின் முகத்தில் இருக்கும். இந்தப் பணத்தில்தான் கோயில் கூரை ஒழுகாமல் இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தாழ்மைக்குக் கூரை போடத் தெரியாது என்று கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள்.

போன பண்டிகையில் ஒரு சுரைக்காய் நாலாயிரத்துக்குப் போனது. கைதட்டல், ஸ்தோத்திரம், போட்டோ. வாங்கியவர் அதை வெற்றிக் கோப்பை போலத் தூக்கிக் காட்டினார். அதைக் கொண்டுவந்த கிழவி கடைசி வரிசையில் இருந்தாள். பக்கத்திலிருந்த என்னிடம் விலை கேட்டாள். சொன்னேன். பதறிப்போனாள்.

"எய்யா, அது முத்தக் காயில்லா! கொழம்புக்கு ஆவாது. விதைக்குத்தான் வச்சுக்கிடணும்னு வாங்குனவுக கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க."