கால் பாதி, வால் பாதி

கே: அமீபாவுக்குப் போலிக்கால், யூக்ளினாவுக்குக் கசையிழை என்று பள்ளியில் படித்தோம். இரண்டும் உள்ள உயிர் உண்டா? அதை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

ப: உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கட்சி மாறிவிடும்! பெயர் நெக்லேரியா குருபெரி. மண்ணிலும் நன்னீரிலும் பாக்டீரியாவைத் தின்று ஊர்ந்து திரியும் ஒற்றைச் செல். உணவை நீக்கி வெறும் நீரில் விட்டுப் பாருங்கள்: ஊர்வதை நிறுத்தி உருண்டு திரளும், இரண்டு கசையிழைகள் முளைக்கும், நீந்தத் தொடங்கிவிடும். அந்த இழைகளுக்கு வேண்டிய டியூபுலின் புரதத்தை அப்போதுதான் புதிதாகத் தயாரிக்கிறது என்பதுதான் என்னை அசர வைக்கும் விஷயம். நீந்தும் உருவம் தின்னாது, இரண்டாகப் பிரியாது. சிறிது நேரத்தில் மறுபடி அமீபா. வறண்டால் ஓடு கட்டிக்கொண்டு உறங்கும்.

தோற்றத்தை வைத்து வகைப்படுத்தியவர்கள் திணறியதில் வியப்பில்லை. 1985-ல் பேஜ், பிளாண்டன் இருவரும் ஹெட்டரோலோபோசியா என்று தனி வகுப்பே அமைத்தார்கள். மரபணு ஆய்வுகளின்படி இதன் உறவுக்காரர் யூக்ளினாதான். பாடப்புத்தக அமீபாவோ இதைவிட நமக்கு நெருங்கிய சொந்தம்!

‘மூளையைத் தின்னும் அமீபா’ என்று கேரளச் செய்திகளில் வரும் நெக்லேரியா ஃபவுலேரி இதே பேரினம். குடித்தால் வராது, மூக்கு வழியாகத்தான் மூளைக்கு ஏறும். மூக்கைக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.